குதிகால் தேடிய நியூட்ரல்

ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்று பார்க்க வேண்டும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். கம்பெனி பஸ்ஸும் டிரெய்லரும் அடைத்தது போக மிச்ச இடமெல்லாம் பைக். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் முதல் வரிசையில் நிற்பவர்களின் முகத்தை விட்டுவிட்டு இடது காலைக் கவனித்தால் ஒரு சின்ன நாடகம் தெரியும். ஷூவின் நுனி லீவரை மேலே தட்டுகிறது. மீட்டரில் பச்சை ‘என்’ மின்னி மறைகிறது. முதல் கியரிலிருந்து கிளம்பிய வண்டி நியூட்ரலில் நிற்காமல் இரண்டாவதுக்குப் போய்விட்டது. கீழே மிதித்தால் நேராக முதலுக்கே வந்து விழுகிறது. நாலு முறை, ஐந்து முறை. கடைசியில் அலுத்துப்போய், கிளட்ச்சை இறுக்கிப் பிடித்தபடியே பச்சைக்குக் காத்திருக்கிறார்கள்.

“நியூட்ரல் விழ மாட்டேங்குது” என்பது மெக்கானிக் கடையில் இதற்குப் பெயர். கியரை ‘போடுவார்கள்’, நியூட்ரல் மட்டும் ‘விழ’ வேண்டும். அது மனிதன் கையில் முழுசாக இல்லை என்பதைச் சொல்லிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அப்படிக் காலால் துழாவுகிறவர்களில் சிலர் ஏறியிருக்கும் வண்டி, அந்தச் சிக்னலிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய ஆலையிலேயே செய்யப்பட்டது. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை ஒருபுறம், ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் வல்லம் வடகால் ஆலை மறுபுறம். ஆனால் இந்தத் துழாவல் அந்த ஆலைகளைவிட வயதில் மூத்தது. அதே கம்பெனி ஒரு காலத்தில் இதற்கென்றே தனியாக ஒரு மிதி வைத்துக் கொடுத்தது என்பதை இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்ப யோசிப்பார்கள்.

நாலு கியர் வைத்த பழைய புல்லட்டை ஓட்டியவர்களுக்கு அந்த மிதி மறக்காது. அந்த வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியருக்கு லீவரை விரலால் மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நாலு எல்லாம் கீழே மிதிக்க. நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். அந்தக் கியர் லீவருக்குப் பின்னால், குதிகால் இயல்பாகப் போய்ச் சேரும் இடத்தில், இன்னொரு குட்டி லீவர் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நியூட்ரல் ஃபைண்டர். நாலாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே மாட்டு வண்டி குறுக்கிட்டால், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் ஒரே அமுக்கு. மூன்று, இரண்டு என்று படிப்படியாக இறங்க வேண்டியதில்லை. ‘டக்’ என்ற ஓசையோடு வண்டி நியூட்ரலுக்கு வந்துவிடும். நாலிலிருந்து வரும், மூன்றிலிருந்து வரும், இரண்டிலிருந்தும் வரும். முதல் கியரிலிருந்து மட்டும் வராது. அதற்குக் கால் விரல்தான் நாசூக்காக வேலை செய்ய வேண்டும்.

பல்லாண்டு காலம் அந்த வண்டியில் பச்சை விளக்கும் இல்லை. நியூட்ரல் விழுந்ததா என்று கிளட்ச்சை மெதுவாக விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் செருப்போடு ஓட்டியவர்களின் வலது செருப்பு மட்டும் முன்னோரத்தில் தேய்ந்திருக்கும், முதல் கியரைத் தூக்கித் தூக்கி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லட் ஓட்டிய கிராமத்துப் பெரிய வீட்டுக்காரர்களும், காக்கி கால்சட்டையோடு ஓட்டிய போலீஸ்காரர்களும் அந்தக் குதிகால் அமுக்கை ஒருவித மிடுக்காகவே வைத்திருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் அமுக்கிவிட்டு, நின்றதும் இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிடுவது. இன்றைய சிக்னல் ஓட்டுநருக்கு வாய்க்காத சொகுசு அது.

ஒரு வசதியாக விற்கப்பட்ட அந்த லீவர், உண்மையில் பொறியாளர்கள் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். ‘எங்கள் வண்டியில் நியூட்ரல் கிடைப்பது கஷ்டம்தான், இதை வைத்துக்கொள்’ என்று இரும்பில் எழுதிக் கொடுத்தது.

இந்தக் கஷ்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கியர் கையிலிருந்து காலுக்கு இறங்கிய நாளுக்குப் போக வேண்டும். 1920-களின் மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் டேங்க் ஓரத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். பள்ளம் வெட்டிய தகட்டில் அதை நகர்த்திக் கியர் மாற்றுவார்கள். நியூட்ரல் எங்கே என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அந்தப் பத்தாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் வெலோசெட் கம்பெனியில் ஹரால்ட் வில்லிஸ் காலால் மாற்றும் முறையை உருவாக்கினார். ஒரு மிதிக்கு ஒரு கியர். மிதித்ததும் லீவர் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பந்தய ஓட்டுநர்களுக்கு வரப்பிரசாதம். கை ஹேண்டில்பாரை விட்டு நகர வேண்டாம். ஆனால் லீவர் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால், வண்டி எந்தக் கியரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாமல் போயிற்று. கியர்களுக்கெல்லாம் ஒரு முழுத் தட்டு, நியூட்ரலுக்கு மட்டும் அரைத் தட்டு. உள்ளே கியரை நிறுத்திப் பிடிக்கும் பள்ளங்களிலும் நியூட்ரலின் பள்ளம் ஆழமில்லாதது. கொஞ்சம் அழுத்தினால் தாண்டிவிடும்.

பர்மிங்ஹாமில் இருந்த ஆல்பியன் கம்பெனி பல பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களுக்குக் கியர் பெட்டி செய்து கொடுத்தது. ரெட்டிச் நகரத்தில் இருந்த ராயல் என்ஃபீல்டும் அதன் வாடிக்கையாளர். குதிகால் லீவர் அந்தப் பெட்டியோடு வந்த சீதனம்.

அது வடசென்னைக்குக் கப்பலேறிய கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு வலுவான மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது. 1952இல் இராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து மெட்ராஸ் மோட்டார்ஸிடம் ஆர்டர் கொடுத்தது. இறக்குமதி செய்துகொண்டே இருக்க முடியாது என்ற நிலையில், 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தியாகராஜர் கோயிலும் கடற்காற்றும் உள்ள ஊர். தொழிற்சாலைகள் அன்றைக்கு நகரத்தின் வடக்கு நோக்கியே போய்க்கொண்டிருந்தன. 1956இல் ஆலை திறந்தது. அந்த ஆண்டு முடிவில் வெளிவந்த வண்டிகள் மொத்தம் 163. எல்லாம் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த உதிரிகளைப் பூட்டிச் செய்தவை. 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லா உதிரிகளையும் இங்கேயே வார்த்து, கடைந்து, வெட்டிச் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் மோட்டார் சைக்கிள் செய்வதே நின்றுபோயிற்று. தாய்வீடு பூட்டிக் கிடக்க, திருவொற்றியூரில் மட்டும் அதே இன்ஜின், அதே ஆல்பியன் பெட்டி, அதே குதிகால் லீவர் நாள் தவறாமல் வெளிவந்துகொண்டிருந்தன. 1977இல் அந்த வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யவும் தொடங்கினார்கள். தங்கள் அப்பா காலத்து வண்டியைப் புதுசாக வாங்க ஆங்கிலேயர்கள் மெட்ராஸிலிருந்து வரும் கப்பலை எதிர்பார்த்தார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கியர் பெட்டி பெரிய மாற்றமில்லாமல் ஓடினால் அதைச் சுற்றி ஒரு வைத்தியம் வளராமல் இருக்காது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது ஸ்பேர், புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர், ஊருக்கு ஊர் ஒரு புல்லட் மெக்கானிக். ‘புல்லட் மட்டும்’ என்று பலகை எழுதி வைத்து, வேறு வண்டியைத் தொடாதவர்களும் உண்டு. அவர்கள் கண்டறிந்த முதல் பாடம் இதுதான்: நியூட்ரல் விழவில்லை என்று வருகிற வண்டியில் பெரும்பாலும் கியர் பெட்டிக்கு ஒரு நோயும் இராது. நோய் கிளட்ச்சில்.

கிளட்ச் என்பது அடுக்கி வைத்த தட்டுகள். ஒரு பிளேட் இன்ஜினோடு சுற்றும், அடுத்தது கியர் பெட்டியோடு சுற்றும், இப்படி மாறி மாறி. ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கும்வரை இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகும். லீவரைப் பிடித்தால் பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். விலகும் தூரம் மயிரிழைதான். அந்த மயிரிழையில் குறை வந்தால், கிளட்ச்சைப் பிடித்திருக்கும்போதே இன்ஜின் கியர் பெட்டியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். ‘கிளட்ச் இழுக்குது’, ‘பிளேட் ஒட்டுது’ என்பார்கள். இழுவையில் இருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று இறுகி நிற்கும். அப்போது காலால் கியரைப் பிடுங்க அதிக பலம் வேண்டும். அதிக பலம் கொடுத்தால் அந்த ஆழமில்லாத நியூட்ரல் பள்ளத்தில் நிற்காமல் அடுத்ததற்கு எகிறிவிடும். சிக்னலில் நடக்கும் அத்தனை துழாவலுக்கும் காரணம் இவ்வளவே.

இதை உறுதி செய்ய மெக்கானிக்குகளிடம் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே கியரைத் தட்ட வேண்டும். அப்போது நியூட்ரல் வெண்ணெய் போல விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் குற்றவாளி கிளட்ச். அணைத்தபோதும் விழாவிட்டால்தான் கியர் பெட்டியைப் பிரிக்கும் பேச்சு. இன்னொன்று, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியர் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துப் பின் சக்கரத்தைப் பார்ப்பது. கொஞ்சம் சுற்றினால் பரவாயில்லை. காலால் நிறுத்த முயன்றும் அடங்காமல் சுற்றினால் கிளட்ச் இழுக்கிறது என்று பொருள்.

பழைய புல்லட்டில் அடுத்த கட்டம் இடதுபக்க மூடியைத் திறப்பது. அந்தப் பிரைமரி மூடிக்கு நடுவில் ஒரே ஒரு நட்டுதான். ஆனால் அதை எடுப்பதற்கு முன்னால் ஃபுட்ரெஸ்டையும் பிரேக் லீவரையும் கழற்ற வேண்டும். அடியில் தட்டு வைக்காமல் மூடியை இழுத்த புதுப் பையன் தரையில் ஆயில் கொட்டிய கறையை அன்று முழுக்கத் துடைப்பான். உள்ளே இரட்டைச் செயின், அதன் பின்பக்கம் கிளட்ச் டிரம். அனுபவசாலி உடனே எதையும் கழற்ற மாட்டார். பையனைக் கிளட்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, பிரஷர் பிளேட் எழும்புவதைப் பக்கவாட்டில் குனிந்து பார்ப்பார். நாலா பக்கமும் சமமாக எழும்ப வேண்டும். ஒரு பக்கம் முன்னால் வந்து மறுபக்கம் பின்தங்கினால் ஸ்பிரிங்குகள் ஒரே உயரத்தில் இல்லை. பிறகு பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, துணியால் துடைத்து, ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைப்பார். ஓரத்தில் விரலால் தட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் வளைந்துவிட்டது. கடைசியில் டிரம்மின் பள்ளங்களை நகத்தால் வருடிப் பார்ப்பார். பிளேட்டின் காதுகள் ஆண்டுக்கணக்கில் முட்டி முட்டி அங்கே சின்னச் சின்னப் படிகளை வெட்டியிருக்கும். அந்தப் படியில் பிளேட் சிக்கிக்கொண்டால் விலகாது. தட்டை அரம் எடுத்து நாலு இழுப்பு இழுத்துச் சமம் செய்வார்.

வலது பக்கம் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். கிளட்ச் கேபிள் வந்து சேர்வது கியர் பெட்டியில். அங்கிருந்து, கியர் பெட்டியின் துளையுள்ள அச்சுக்குள் போகும் ஒரு ராடு இடது பக்கத்துப் பிரஷர் பிளேட்டைத் தள்ளும். ராடின் முனை தேய்ந்தால் தள்ளும் தூரம் குறையும். கேபிள் நீண்டாலும் அதே கதை. கேபிளில் எவ்வளவு சரிசெய்தும் பிரயோஜனமில்லாதபோது, கியர் பெட்டியின் சின்ன மூடியைத் திறந்து உள்ளிருக்கும் ஸ்குருவை முறுக்கி ராடின் இடைவெளியைப் பிடிப்பார்கள். முறுக்கு அதிகமானால் கிளட்ச் வழுக்கும், பிளேட் எரியும், குறைந்தால் இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது கைப்பக்குவம்.

புல்லட்காரர்களின் காலைச் சடங்கும் இதிலிருந்து வந்ததுதான். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கெட்டிப்பட்டுப் பிளேட்டுகள் ஒன்றோடொன்று அப்பளம் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டால் ‘கடக்’ என்று வண்டி முன்னால் குதிக்கும். அதனால் முதலில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு முறை வெறுமனே மிதிப்பார்கள். பிறகு டீகம்ப்ரஷரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகுதான் உண்மையான உதை. தெருவில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது ஏதோ வண்டிக்குப் பூஜை போடுவது போலிருக்கும்.

மற்ற கம்பெனிகள் இதே சிக்கலை வேறு வேறு வழியில் சுற்றிப் போயின. 1961 முதல் மைசூரில் தயாரான ஜாவாவிலும் பின்னால் வந்த யெஸ்டியிலும், கியர் லீவரை மிதிக்கும்போதே உள்ளே கிளட்ச்சும் விலகும் ஏற்பாடு இருந்தது. ஜப்பானின் கவாஸாகி இன்னும் சாமர்த்தியம். அச்சுக்கும் ஒரு பல்சக்கரத்துக்கும் நடுவே சின்ன எஃகுக் குண்டுகளை வைத்தது. வண்டி ஓடும்போது அச்சு சுற்றும் வேகத்தில் குண்டுகள் வெளிப்பக்கம் ஒதுங்கி வழிவிடும். வண்டி நின்றதும் ஒரு குண்டு தன் எடையால் கீழே விழுந்து, இரண்டாவது கியருக்குப் போகும் பாதையை அடைத்துவிடும். முதலிலிருந்து மேலே தட்டினால் நியூட்ரலைத் தாண்ட முடியாது. குதிகால் செய்த வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது.

நம் ஊர் சாலைகளை உண்மையில் மாற்றியது ஹீரோ ஹோண்டா. 1985இல் வந்த சிடி 100, 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் ஆகியவற்றில் நியூட்ரல் நடுவில் இல்லை, வரிசையின் ஓரத்தில். நியூட்ரல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாக் கியரையும் முன்னால் மிதித்து ஏற்றி, பின்னால் மிதித்து இறக்கினால் கடைசியில் நிற்பது நியூட்ரல். அதைத் தாண்டிப் போக இடமே இல்லை. கிளட்ச் எவ்வளவு மோசமாக இழுத்தாலும் கால் பலத்தில் விழுந்துவிடும். அந்த வண்டியில் ஓட்டப் பழகிய ஒரு தலைமுறைக்கு ‘நியூட்ரல் தேடுவது’ என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களுடைய பிள்ளைகள் ஒன்று கீழே, மற்றவை மேலே என்ற வரிசையுள்ள பல்சருக்கும் எஃப்ஸெட்டுக்கும் கிளாசிக்குக்கும் மாறியபோதுதான் பழைய தலைவலி புது வீட்டுக்குக் குடிவந்தது. புகாரில் பாதி, வண்டியின் குறையே இல்லை. அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் கற்ற கால் பழக்கம்.

புல்லட்டுக்கு வருவோம். 1990இல் என்ஃபீல்டு இந்தியாவுக்குள் நுழைந்த ஐஷர் குழுமம் 1994இல் கம்பெனியைத் தன்வசமாக்கியது. பெயர் ராயல் என்ஃபீல்டு என்று ஆயிற்று. 2000இல் கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது சித்தார்த்த லாலுக்கு வயது முப்பதைத் தொடவில்லை. விற்பனை தள்ளாடிக்கொண்டிருந்த காலம். புதிதாக வண்டி வாங்க வருபவன் மற்ற எல்லா வண்டியிலும் இடது காலில் கியர் மாற்றிப் பழகியவன். அவனைப் புல்லட்டில் ஏற்றினால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். வீட்டில் ஒரு புல்லட்டும் இன்னொரு கம்பெனி வண்டியும் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் 1970-களிலேயே கியர் இடது பக்கம்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்து, பிரிட்டிஷ் கம்பெனிகளெல்லாம் மாறிவிட்டன. திருவொற்றியூர் மட்டும் வலது காலை விடவில்லை.

2000-களின் முதல் பாதியில் ஐந்து கியர், இடது கால் பெட்டி தண்டர்பேர்டிலும் எலக்ட்ராவிலும் வந்தது. பழைய புல்லட்காரர்கள் முகம் சுளித்தார்கள். வலது பக்கக் கியர் இல்லாத புல்லட் ஒரு புல்லட்டா என்று கேட்டார்கள். அந்தக் கூச்சலில் இன்னொன்று சத்தமில்லாமல் காணாமல் போனதை அதிகம் பேர் பேசவில்லை. புதிய பெட்டியில் குதிகால் லீவர் இல்லை.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜினும் நாலு கியர் பெட்டியும் ஸ்டாண்டர்டு புல்லட்டில் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப் பிடித்து, 2010 வாக்கில் புகை விதிகள் இறுகியபோது விடைபெற்றன. அதற்குள் 2008இல் தண்டர்பேர்டிலும் 2009இல் கிளாசிக்கிலும் யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜின் வந்துவிட்டது. இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே கூட்டுக்குள். முன்பு இன்ஜினுக்கு ஒரு ஆயில், பிரைமரிக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று என்று மூன்று இடத்தில் ஊற்ற வேண்டும். இப்போது ஒரே ஆயில் மூன்றையும் நனைக்கிறது. வசதிதான். ஆனால் ஆயில் கருத்துப்போனாலும் தவறான கனத்தில் ஊற்றினாலும் அதன் பலனை முதலில் சொல்வது கிளட்ச். கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினால் பிளேட் வழுக்கும். ஈரக் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கென்று ஜப்பானியர்கள் 1998இல் தனித் தரம் வகுத்ததும் அதனால்தான். ஆயில் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ‘ஜாசோ எம்ஏ’ அதுவே.

இதற்கிடையில் தொழிற்சாலைகளின் திசை மாறியிருந்தது. வடக்கே எண்ணூர், திருவொற்றியூர் என்று போன காலம் முடிந்து, 1990-களின் பின்பாதியில் பெங்களூர் சாலை வழியே மேற்கே திரும்பியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. இராமாநுசர் பிறந்த ஊர் என்றும், 1991 மே 21க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், கார் முகவரியாகவும் செல்போன் முகவரியாகவும் ஆனது. ஏரிப் பாசனமும் மானாவாரியுமாகக் கிடந்த ஒரகடம் பக்கம் சிப்காட் விரிந்தது. 2010இல் நிஸானும் ரெனோவும் கூட்டாக, 2012இல் பாரத்பென்ஸ் லாரி. வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுத்துப் போன சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின.

ராயல் என்ஃபீல்டு 2013 ஏப்ரலில் அங்கே வந்தது. 2010இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 வண்டி விற்றுக்கொண்டிருந்த கம்பெனி 2014இல் 3 லட்சத்தைத் தாண்டியதென்றால் அதற்குத் திருவொற்றியூரின் பழைய கொட்டகைகள் போதாது. பெயின்ட் அடிக்க ரோபோ வந்தது. டேங்க்கில் தங்கக் கோடு இழுக்க மட்டும் தூரிகை பிடித்த கை தேவைப்பட்டது. 2017இல் வல்லம் வடகாலில் இன்னொரு ஆலை. அதே வட்டாரத்தில் யமஹா 2015 முதல் வண்டி செய்கிறது. 2024–25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டின் விற்பனை 10 லட்சத்தைக் கடந்தது. திருவொற்றியூர் முதல் ஆண்டில் செய்த 163 என்ற எண்ணிக்கையை இந்த வேகத்தில் எட்ட ஒன்றரை மணி நேரம்கூட வேண்டாம்.

கிளட்ச்சும் மாறியது. 2018இல் வந்த 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும், அதே ஆண்டு வந்த யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பிலும் அசிஸ்ட்-ஸ்லிப்பர் கிளட்ச். இன்ஜினின் விசையே பிளேட்டுகளை இறுக்க உதவுவதால் மெல்லிய ஸ்பிரிங் போதும். லீவரை இரண்டு விரலால் பிடித்துவிடலாம். அந்தக் காலப் புல்லட் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் காய்ப்பு ஏறியவர்கள் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சா?” என்று கேட்டால் ஆச்சரியமில்லை.

இவ்வளவும் மாறிய பின்னும் பள்ளம் அதே அரைப் பள்ளம்தான், அதே ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான். கேபிளும் நீளத்தான் செய்கிறது. ஒரகடத்திலிருந்து படப்பை போகும் வழியிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்கள் வண்டியை நிறுத்தும் சின்னக் கடைகளில் இதுதான் அன்றாட வேலை. பலருக்கு ஊர் விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரி. நாலு பேர் சேர்ந்து எடுத்த அறை, தவணையில் எடுத்த வண்டி. ஆலைக்குள்ளே நாள் முழுக்க முறுக்கு அளவு காட்டும் கருவியால் நட்டு முடுக்குபவனுக்கு, தன் வண்டியின் கிளட்ச் லீவர் நுனியில் எவ்வளவு தொய்வு இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அது பத்துப் பதினைந்து மில்லிமீட்டர்.

“அண்ணே, நியூட்ரல் விழவே மாட்டேங்குது. கியர் பாக்ஸ் போச்சா?”

மெக்கானிக் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்பார்.

“ஆஃப் பண்ணிட்டுத் தட்டுனா விழுதா?”

“அப்ப விழுதுண்ணே.”

கிளாஸ் கீழே போகிறது. பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பானர் வருகிறது. லீவரை விரலால் ஆட்டிப் பார்க்கிறார். லீவர் பாதி தூரம் வந்த பிறகுதான் கேபிள் இறுகுகிறது. இன்ஜின் பக்கத்து லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை நாலு சுற்று சுற்றி, மறுபடி லீவரை ஆட்டி, அரைச் சுற்று திருப்பி விட்டு, நட்டை முடுக்குகிறார். “ஸ்டார்ட் பண்ணு.” பையன் கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போட்டு, மெதுவாக மேலே தட்டுகிறான். மீட்டரில் பச்சை விளக்கு எரிந்து, அப்படியே நிற்கிறது.

“ஆயில் எப்ப மாத்துன?”

பையன் பதில் சொல்லாமல் சிரிக்கிறான். மெக்கானிக் தட்டை எடுத்துவரச் சொல்லிக் கடைப் பையனைக் கூப்பிடுகிறார்.